பெயர் ஒட்டாத சிப்ஸ் பாக்கெட்

அமலி, முதலில் சிரிக்காமல் படி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்றுதானே நினைக்கிறாய்? வாயால் சொல்லத்தான் மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் எதிரில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, கடைசியில் "இந்தா, இதத் தின்னு" என்று எதையாவது உன் கையில் திணித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இப்படியே போனால் நீ சேலத்துக்கு ரயில் ஏறும்போது இரண்டு கிலோ கூடியிருப்பாய், நான் சொல்ல வேண்டியது மட்டும் என்னிடமே இருக்கும். அதனால் உன் பழைய அக்கவுண்டன்சி நோட்டில் எழுதாமல் விட்டிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள். இதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் அப்பாவுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன்.

வேலை உத்தரவு வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை என்பது உனக்கே தெரியும். வணிகவரித் துறையில் அலுவலர்! அடுப்பில் சட்டி கொதிக்கிறது, கையில் ஜல்லிக்கரண்டி, நீ போனை நீட்டுகிறாய், எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். அந்த ஈடு கருகிப்போனது. கருகட்டும் என்று விட்டேன். அப்பா செராமிக் கம்பெனியிலிருந்து சூளைச் சூடு முகத்தில் ஆறுவதற்குள் ஓடிவந்தார். ஜங்ஷன் ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சிப்ஸை அள்ளிக் கொடுத்தார். "இன்னாங்க, காசு வேணாமா?" என்று கேட்டவரிடம், "எம் பொண்ணு இனிமே வரி போடுவா, அப்ப குடுங்க" என்றார். பங்குக் கோயில் ஃபாதர் வரைக்கும் ஆளுக்கொரு பொட்டலம் போய்ச் சேர்ந்தது. சிப்ஸ் போடுகிறவள் மகள் வரி ஆபீசர் என்று இந்தத் தெருவே பேசியது. எனக்கு இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீ புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாய். நான் சும்மா வாயை வைத்துக்கொண்டு இராமல், "டேபிள்ல உம் பேரு போட்டுப் பலக வெப்பாங்களா பாப்பா?" என்று கேட்டேன். நீ நிமிராமலே சொன்னாய்: "பேரெல்லாம் வேணாம்மா. பதவிய மட்டும் போட்டா போதும்னு சொல்லிடப் போறேன். எம் பேருக்குத்தான் ராசி இல்லயே, உனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாயே, அப்போதும் போர்டில் உன் பெயரை எழுத விடவில்லை, அந்தோணியார் பெயரை எழுதினாய். பக்தி என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. உன் பெயருக்கு ராசி இல்லை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான் அமலி. அது பொய். அந்தப் பொய்யை எடுத்துப் போடத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் இந்தச் சிப்ஸ் நம் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், பாதிதான் உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் கப் செய்கிற கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். சூளையிலிருந்து வந்த கப்பைக் கையில் எடுப்பேன், வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பேன், விரலால் ஒரு தட்டுத் தட்டுவேன். கணீரென்றால் முதல் தரம். சத்தம் செத்திருந்தால் உள்ளே எங்கோ விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒதுக்கிவிட வேண்டும். பளபளப்பில் புள்ளி இருந்தால் செகண்ட்ஸ், அதாவது இரண்டாம் தரம். ஒரே மண், ஒரே சூளை, ஒரே நெருப்பு. எந்தப் பக்கம் வைக்கிறோமோ அதுதான் அந்தக் கப்பின் தலையெழுத்து. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கம்பெனியில் ஆள் குறைத்தபோது எனக்கு வேலை போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த காசுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு சீவுகட்டையும் வாங்கினேன்.

சிப்ஸ் மொறுமொறுவென்று வர வேண்டுமானால் சீவிய வில்லையில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் எண்ணெய் பொங்கும், சிப்ஸ் நமத்துப்போகும். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் துணியில் பரப்பியிருப்பார்கள். நாங்கள் பீங்கான் செய்கிற விருத்தாசலத்துக்காரர்கள் இல்லையா, எங்கள் புத்தி எங்கே போகும்? கப் வார்க்கிற பிளாஸ்டர் அச்சு மண்கூழில் இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு மண்ணைக் கப்பாக நிற்கவைத்துவிடுமே, அது கிழங்கின் தண்ணீரைக் குடிக்காதா என்று உன் அப்பாவுக்கு ஒரு யோசனை. கம்பெனியில் கழித்துப்போட்ட பிளாஸ்டர் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வில்லைகளை அதன்மேல் பரப்பினோம். அடடா, என்ன வேகமாய்க் காய்ந்தது! நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் கிடைத்துவிட்டது என்று. முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இன்னாடி, கப்பையும் சேத்து வறுத்துட்டியா?" என்றார். நறநறவென்று வாயெல்லாம் பிளாஸ்டர் தூள். அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தோம். மறுநாளிலிருந்து எல்லோரையும் போல வெள்ளைத் துணிதான்.

அப்படி ஆரம்பித்த கடைக்கு நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பெயர் வைத்தோம். ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் பையில் சிப்ஸைப் போட்டு, வாயை ரம்பப் பிளேடில் மடித்து, மெழுகுவத்தி நெருப்பில் காட்டி ஒட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "அம்மா, பேர் இல்லாம பாக்கெட் மொட்டையா இருக்குதும்மா" என்றாய். நீயே சிவப்புப் பேனாவில் 'அமலி சிப்ஸ்' என்று எழுதி, சுற்றி உருளைக்கிழங்குக்குக் கண்ணும் மூக்கும் வைத்து வரைந்தாய். அதை ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, சீட்டு சீட்டாக வெட்டி, நீயே ஒட்டினாய். முதல் தடவை ஒட்டியபோது ஏழெட்டு பாக்கெட் தலைகீழ். பரவாயில்லை என்று அனுப்பினோம். அப்பா வார லீவில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம், நல்லூர் என்று கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். மாதாகோயில் திருவிழாவில் ஒரே சாயங்காலத்தில் எல்லாம் தீர்ந்து, நீ வீட்டுக்கு ஓடிப்போய் இன்னும் சீட்டு வெட்டிக்கொண்டு வந்தாய். பிள்ளைகள் உன்னைப் பார்த்து "ஏய், சிப்ஸு" என்று கூப்பிட்டால் உனக்குக் கோபமே வராது, தோளை உயர்த்திக்கொண்டு நடப்பாய்.

அந்தச் சமயத்தில்தான் புது வரி வந்தது. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. எண்ணெய் வாங்கப் போன இடத்தில் கடைக்கார பாய் சொன்னார்: "அக்கா, சிப்ஸுல பேர் போட்டு சீல் வெச்சா நூத்துக்குப் பன்னெண்டு வரியாம். பேர் இல்லாம வித்தா அஞ்சுதானாம். நீங்க வேற பொண்ணு பேரப் பெருசா போட்டு வெச்சிருக்கீங்க, பாத்துக்குங்க." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஜீப் வந்து நிற்பதைப் போலவும், ஆபீசர் ஒருத்தர் இறங்கி நீ ஒட்டிய சீட்டைச் சுட்டிக்காட்டுவதைப் போலவும் நானே கற்பனை செய்துகொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. வரி ஆபீஸ் வாசலில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதற்கும் பயம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், அடுக்கி வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து உன் சீட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

நீ வந்து பார்த்தாய். "எம் பேரு எங்கம்மா?" என்றாய். வரி கட்டுவது நம் கடமை என்று அந்த வாரம்தான் பாடத்தில் படித்துவிட்டு வந்து எனக்கே ஒப்பித்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்து, வரிக்குப் பயந்து உன் பெயரைக் கிழித்தேன் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன். "அந்தப் பேர்ல ஓடல பாப்பா. யாரும் வாங்கல." நீ அழவில்லை. அழுதிருந்தால் அப்போதே உண்மையைக் கொட்டியிருப்பேன். "சரிம்மா" என்றாய், யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து மொட்டைப் பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தாய். அந்தச் "சரிம்மா" என்னை இன்றைக்கும் விடவில்லை. கப்பைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்கிற கை இது. உன்னை மட்டும் தட்டிப் பார்க்காமலே செகண்ட்ஸ் பக்கம் வைத்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெயரை நான் கிழித்தேனே தவிர, ஜனங்கள் கிழிக்கவில்லை. அப்பா ஒவ்வொரு வாரமும் வந்து, "பெண்ணாடத்துல இன்னும் அமலி சிப்ஸுன்னுதான் கேக்குறாங்க" என்பார். "புள்ள காதுல போடாதீங்க, நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும்" என்று அவர் வாயை அடைத்தேன். கடைக்கு வந்து "அமலி சிப்ஸ் குடுங்க" என்று யாராவது ஆரம்பித்தால், நீ உள்ளே இருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டு உதட்டில் விரலை வைப்பேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பேர் வாயைக் கட்ட வேண்டியிருந்தது, பார்த்தாயா?

அப்புறம் நீ பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாய். கடை மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வரிச் சட்டத்தைச் சத்தமாகப் படிப்பாய், நான் சட்டி முன்னால் நின்று கேட்பேன். அம்மாடி, அது எப்பேர்ப்பட்ட படிப்பு! எனக்கு அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. பச்சை உருளைக்கிழங்குக்கு வரியே கிடையாது. அதையே சீவி வறுத்தால் வரி. மாவாக்கி, அச்சில் பிழிந்து, காயவைத்து, வறுக்காமல் விற்றால் அதற்கு ஒரு பெயர், ஒரு வரி. மிக்சரில் கலந்தால் வரிப் பட்டியலில் வேறு வரிசை. சிப்ஸ் என்பது பக்குவப்படுத்திய காய்கறியா, இல்லை காரவகையா என்று பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள் என்றாய். சீமையில் ஒரு கம்பெனி, எங்கள் பண்டத்தில் பாதிகூடக் கிழங்கு இல்லை, இது சிப்ஸே இல்லை என்று வரிக்காகக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாமெல்லாம் கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்து விற்கிறோம், அவர்கள் கிழங்கே கம்மி என்று சத்தியம் செய்கிறார்கள்! பெயர் ஒட்டினால் ஒரு விகிதம், ஒட்டாவிட்டால் ஒரு விகிதம் என்கிற இடம் வந்தபோது மட்டும் நான் திரும்பவில்லை. பாய் சொன்னது சரிதான் என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, நீ இன்னொரு பக்கத்தைப் படித்தாய். வருஷத்துக்கு இவ்வளவுக்குக் கீழே வியாபாரம் செய்கிற சின்னக் கடைகள் இந்த வரியில் பதிவே செய்ய வேண்டியதில்லை, வரியும் வாங்க வேண்டியதில்லை என்று. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நம்ம கடையெல்லாம் இதுல வராதும்மா. நம்ம விக்கிறது கால்வாசிகூட இல்ல. பேர் போட்டாலும் ஒண்ணுதான், போடலன்னாலும் ஒண்ணுதான்" என்றாய், சாதாரணமாக. கரண்டி கையிலேயே நின்றது. எண்ணெய் புகைந்தது. "அம்மா, கருகுது" என்று நீ கத்தினாய். ஒன்றுமில்லாததற்கா உன் பெயரைக் கிழித்தேன்? வராத ஜீப்புக்கும் கேட்காத வரிக்குமா? அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் படிப்பு கெடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சென்ற ஆண்டு பட்டியலையே மாற்றி, பெயர் போட்ட பாக்கெட்டுக்கும் அஞ்சுதான் என்று ஆக்கிவிட்டார்கள். நீ அந்தச் செய்தியைப் படித்துக் கைதட்டினாய். நானும் தட்டினேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன், அம்மா இல்லையா? இனி உன் மேஜைக்கு எல்லாம் வரும். இது எந்த வரிசை, அது எந்த வரிசை என்று நீதான் சொல்ல வேண்டும். கட்டவேண்டியவர்களைக் கட்டவை, அதில் தயவு காட்டாதே. தாளை மட்டும் பார்க்காதே, முடிந்தால் பண்டத்தைக் கையில் எடுத்துப் பார். கப்புக்குத் தட்டு, சிப்ஸுக்கு உடை. இரண்டுக்கும் சத்தம் பொய் சொல்லாது. என்னைப் போல ஒருத்தி கையில் எண்ணெய் மணத்தோடு உன் ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றால், நீயே எழுந்து போய் "இன்னாங்கம்மா வேணும், உள்ள வாங்க" என்று கூப்பிடு. அவள் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி எதையாவது கிழித்துவிடப் போகிறாள். உனக்கு உட்கார நாற்காலி போட்டிருப்பது அதற்கும்தான்.

அப்புறம், சாப்பிடுகிற சந்தோஷத்தை விட்டுவிடாதே. எந்தப் பட்டியலிலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். உன் அப்பா தயிர்சாதத்தில் சிப்ஸை நொறுக்கிப் போட்டுக் கலந்து, இது எந்த வரிசை என்று சொல், பார்ப்போம் என்று உன்னைச் சீண்டுவாரே! நீயும் சளைக்காமல், "மொதல்ல நீங்க எந்த வரிசன்னு சொல்லுங்கப்பா" என்பாயே! சூடு ஆறுவதற்குள் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, பெரிய வில்லையாகப் பொறுக்கி உனக்கு மட்டும் எடுத்து வைப்பேன். சேலத்தில் யார் எடுத்து வைப்பார்கள்? சரி, அதை விடு. சந்தோஷமான நேரத்தில் மூக்கைச் சிந்தக் கூடாது.

நீ என்னை நம்புவாயா என்றே எனக்குச் சந்தேகம். ஒருமுறை பொய் சொன்னவள், இப்போது உன் மனதைத் தேற்ற இன்னொரு பொய் சொல்கிறாள் என்று நீ நினைக்கலாம். அதனால் நானே ஒரு வேலை செய்தேன். நேற்றுக் காலையில் தைலம் வாங்கப் போகிறேன் என்று சொன்னேனே, தைலமும் இல்லை ஒன்றும் இல்லை. பஸ் ஏறிப் பெண்ணாடத்துக்குப் போனேன். சரக்குப் போட எப்போதும் அப்பாதான் போவார், என் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் நாம் சரக்குப் போடுகிற கடை. வாசலில் கரும்பு டிராக்டர் நிற்கிறது, உள்ளே கல்லாவில் கடைக்காரரின் மருமகள். கல்யாணமாகி வந்து ஆறு மாசம்தான் ஆகிறதாம். பெயரை நாம் எடுத்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பெண் உன் சீட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கப்பைத் தட்டுவதற்கு முன்னால்கூட அப்படி அடித்துக்கொண்டதில்லை. "சிப்ஸ் இன்னா இருக்குதும்மா?" என்று கேட்டேன். அவள் திரும்பி, கொக்கியில் தொங்கிய நம் மொட்டைப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"அமலி சிப்ஸ்தான் இருக்குதுங்க. எங்க வூட்ல வேற எதுவும் வாங்கி வெக்க மாட்டாங்க, யாரும் கேக்க மாட்டாங்கன்னு."

"பேரே போடலியேம்மா, அமலின்னு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"பேரு வேற போடணுமாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பாக்கெட்டை உன் பெட்டியில், புடவைகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கவர் இருக்கும். உன் சீட்டுகளில் கிழியாமல் மிஞ்சிய பதினோரு சீட்டு, கம்பெனியில் வாங்கி, அடுக்களையில் ஊறுகாய் போடாமல் நிற்கிற செகண்ட்ஸ் ஜாடிக்குள் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். பிரஸ்ஸில் பேசிவிட்டேன். எடை, தேதி, விலை, லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டு ஒழுங்காக அச்சடித்துத் தருவார்கள், உன் உருளைக்கிழங்குக்குக் கண்ணும் மூக்கும் அப்படியே இருக்கும். ஆனால் போன தடவை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை நீ சொல்லாமல் ஒட்ட மாட்டேன். சேலத்தில் போய் உட்கார்ந்ததும், உன் மேஜைப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதில் உன் பெயர் இருந்தால், மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போகிறேன்.